அச்சுச் சம்மட்டியும் அங்கம்மாவும்

மலாய் நாட்டில், ரெங்கம் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த புக்கிட் தெம்பாகா ரப்பர் தோட்டத்துப் பட்டறையில், பேசுகிற வேலை வீரமுத்து ஆசாரியுடையது, அடிக்கிற வேலை அவர் மனைவி அங்கம்மாவுடையது. ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வருகிறவர்கள் தோட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே பட்டறையின் இரண்டு சத்தத்தையும் கேட்டுவிடுவார்கள். டிங் என்று ஒன்று, அதை விரட்டிக்கொண்டு டம் என்று இன்னொன்று. டிங் அவர், டம் அவள்.

பழுக்கக் காய்ந்த இரும்பை இடது கைக் குறட்டில் பிடித்து அடைகல்லின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் சின்னச் சுத்தியலால் வீரமுத்து ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார். எதிரே நிற்கும் அங்கம்மா அதே இடத்தில் சம்மட்டியை இறக்க வேண்டும். அடி விழுந்ததும் இரும்பு தனக்கு இஷ்டமான பக்கம் வழியும். அதைத் தடுக்கச் சுவர் கிடையாது, வேலி கிடையாது. ஆசாரி அதைப் புரட்டிக் கொடுத்து, மறுபடி தொட்டுக் காட்டி, மறுபடி அடி வாங்கி, கடைசியில் அவர் மனசில் இருந்த உருவத்துக்கு அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பார். அவர் வெறும் அடைகல்லை இரண்டு தரம் தட்டினால், அடித்தது போதும் என்று அர்த்தம்.

பெண்பிள்ளை சம்மட்டி பிடித்த கதை சின்னத்தம்பியால் வந்தது. சின்னத்தம்பி என்பவன்தான் முதலில் சம்மட்டிக்காரன். சிங்கப்பூர் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாதி அடித்த மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். அவனுக்குப் பதிலாக வேலுக் கங்காணி புல்லுவெட்டுக் கும்பலிலிருந்து ஆள் அனுப்பினார். முதலில் வந்தவன் இரும்பை விட்டுவிட்டுக் குறட்டின் மேல் அடித்தான். அடுத்தவன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால், இங்கேயா, இங்கேயா என்று கேட்டு உறுதி செய்துகொண்டான். அதற்குள் இரும்பு ஆறிவிட்டது. மூன்றாவது வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன். அவனை வீரமுத்துவே வெளியே தள்ளினார்.

அங்கம்மாவின் அரிவாள்மனை ஒன்று பட்டறையில் பல வாரமாகப் பாதி வேலையில் கிடந்தது. காய்கறியெல்லாம் கையால் பிய்த்துப் போட்டுச் சமைத்து அலுத்துப்போனவள், ஒரு நாள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தாள்.

"எங்க அடிக்கணும்னு மட்டும் காட்டுங்க," என்றாள். "வாயால வேணாம். சுத்தியால காட்டுங்க."

அன்று பிடித்த சம்மட்டியை அவள் கீழே வைக்கவில்லை. அவள் தோள் அதற்கென்றே அமைந்தது போலிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு, புருஷன் ஒழுங்கீனமாக நடந்துகொண்டால், ஒரு நாளைக்கு அங்கம்மா அக்காவைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்கிற அளவுக்கு அவள் பெயர் பயன்பட்டது.

இதில் ஒரே தொல்லை, வீரமுத்துவுக்குத் தட்டுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது விரலால் தட்டை ஒரு தரம் தட்டினால் சோறு, இரண்டு தரம் தட்டினால் போதும். ஒரு நாள் மூன்று தரம் தட்டினார். அங்கம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி மூன்று தரம் தட்டினார்.

"மூணு தட்டுக்கு நம்ம பட்டறையில அர்த்தம் கிடையாதுங்க," என்றாள் அவள்.

அவருக்கு வேண்டியிருந்தது ஊறுகாய். வாயைத் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீரமுத்து கைகாரர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவரால் ஒரே மாதிரி இரண்டு சாமான் செய்ய முடியாது. ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் கத்தி கேட்டு வந்தால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். உயரமானவளுக்கு ஒரு நீளம், குட்டையானவளுக்கு ஒரு நீளம், முணுமுணுக்கிறவளுக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். வெள்ளையம்மா என்று ஒருத்தி எப்போதும் அவசரப்படுவாள் என்பதால், பட்டை ஆழமாக வெட்டுப்படாதபடி அவள் கத்தியை மட்டும் மழுங்கலாகவே செய்து கொடுத்து வந்தார். அவளுக்கு அது தெரியாது. ஒரு தரம் வேலுக் கங்காணியோடு சண்டை போட்ட மறுநாள் அவருக்குச் செய்துகொடுத்த ஊன்றுகோல் பூண், போட்ட கொஞ்ச நாளிலேயே கழன்று விழுந்தது. இரும்புக்கு எல்லாம் தெரியும் என்று வீரமுத்து சொல்லிக்கொண்டார்.

தோட்டத்துத் துரைக்கு இது பிடிக்கவில்லை. அவர் நல்ல மனுஷன், ஆனால் அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். ஒவ்வொரு கத்தியும் ஒவ்வொரு தினுசாக இருந்தால் பட்டையும் ஒவ்வொரு தினுசாகத்தான் சீவப்படும், மரம் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சீமைக்கு லீவில் போனவர் அங்கே ஏதோ ஓர் ஆலையில் அச்சுச் சம்மட்டி வேலை செய்வதைப் பார்த்து மயங்கிவிட்டார். திரும்பி வந்ததும் சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்த சின்ன சம்மட்டி இயந்திரம் ஒன்றைப் பிடித்து ரயிலில் ஏற்றிவிட்டார்.

அது வந்தபோது கூடவே சந்தனசாமி என்ற ஃபிட்டரும் வந்தார். துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தவர், கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு விளக்கம். ரப்பர் ஷீட் அழுத்தும் ஆலைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, ஆலை இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட்டை இழுத்து, இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே எருமைத் தலையளவு இரும்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டார். மேலே ஓர் உருளை சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் கட்டி, மறுமுனை ஆள் கையில். கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் உருளை அதைக் கவ்விக்கொண்டு கட்டியைத் தூக்கும். விட்டால் விழும்.

தோட்டமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. சந்தனசாமி ஆளுக்குப் புரியும்படி சொன்னார். கம்பத்தில், அதான் பக்கத்துக் கிராமத்தில், மலாய்க்காரிகள் பாவுலு சுடுகிறார்களே, அந்த மீன் மாதிரி இருக்கும் குவே பலகாரம், அதற்கு மாவைக் கையாலா உருட்டுகிறார்கள்? அச்சில்தானே ஊற்றுகிறார்கள்? எல்லா மீனும் ஒரே மீனாக வருகிறதல்லவா? இங்கேயும் அப்படித்தான். கீழே ஒரு இரும்புக் கட்டை, அதில் பாதிக் கத்தியின் பள்ளம். மேலே விழும் கட்டியில் மறுபாதிப் பள்ளம். நடுவில் பழுத்த இரும்பை வைத்து அடித்தால், அது ஓடுவதற்கு வேறு இடம் இல்லாமல் பள்ளத்தின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து கத்தியாகிவிடும். மிச்சம் மீதி ஓரத்தில் அப்பளம் மாதிரி பிதுங்கும். அதை நறுக்கி எறிந்தால் தீர்ந்தது.

"கொழுக்கட்டையக் கையில புடிக்கிறதுக்குப் பதிலா அச்சுல வைக்கிறாங்க, அவ்வளவுதானே," என்றாள் அங்கம்மா.

தனக்குப் பிடிகொழுக்கட்டைதான் பிடிக்கும் என்று வீரமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

யார் கயிற்றைப் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. இது அதிகாரமுள்ள வேலை என்று நினைத்த வேலுக் கங்காணி, தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இழுத்தார். கட்டி மளமளவென்று மேலே போனது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விட வேண்டும் என்று சந்தனசாமி சொன்னதை அவர் காது வாங்கியது, கை பாதிதான் வாங்கியது; இழுப்பைத் தளர்த்தியது, கயிற்றை விடவில்லை. கட்டி விழுந்த வேகத்தில் கயிற்றின் இந்த முனை மேலே ஏற, கங்காணியும் கூடவே ஏறினார். நல்ல வேளையாக வேட்டி ஒரு கொக்கியில் மாட்டி அவரை நிறுத்தியது. தோட்டத்தில் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரும் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை, சிரிப்பு வந்துவிடும் என்று.

அங்கம்மா கயிற்றைத் தொட்டபோது வேறு மாதிரி இருந்தது. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது இத்தனை வருஷமாகச் சம்மட்டி பிடித்த கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஓங்கி ஓர் அடி, மெதுவாக ஓர் அடி, பிறகு கோழிமுட்டை உடையாத அளவுக்கு ஒரு தொடல். துரை தொப்பியைக் கழற்றினார். அந்த இடத்திலேயே வேலை அவளுடையதாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. அந்த இயந்திரத்தில் எங்கே அடிப்பது என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. அச்சுக்கே தெரியும். இத்தனை காலத்தில் முதல் தரமாக, டிங் இல்லாமல் அவள் டம் அடிக்கப்போகிறாள். பக்கத்தில் நடந்துவந்த வீரமுத்துவுக்கும் அதே நினைப்புத்தான் ஓடியிருக்க வேண்டும். லயம் வரும் வரை அவர் தன் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் அச்சை யார் வெட்டுவது என்று பார்த்தபோது அவருக்கு உயிர் வந்தது. சிங்கப்பூரில் செய்யச் சொன்னால் மாசக் கணக்கில் ஆகும் என்றார் சந்தனசாமி. வீரமுத்து, இரண்டு கட்டையையும் இங்கே போடு, நான் வெட்டித் தருகிறேன் என்றார். ஊருக்குத் திரும்புமுன் சந்தனசாமி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிடுகிற மாதிரி காட்டினார்.

"ஆசாரி, நல்லா பாத்துக்குங்க. மேல் கட்டை வலது கைன்னா கீழ் கட்டை இடது கையா இருக்கணும். ரெண்டு வலது கைய வச்சுக் கும்பிட முடியாதுல்ல?"

அந்த இயந்திரத்தைக் கும்பிடும்படி தனக்குச் சொல்கிறான் என்று வீரமுத்து புரிந்துகொண்டார். இரும்புச் சாமானைக் கும்பிடுவது ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்தான் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு உளியும் அரமுமாக உட்கார்ந்தார். தான் செய்ததிலேயே அழகான கத்தி ஒன்றை எடுத்து ஒரு கட்டையின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். அதே கத்தியை அதே மாதிரி இன்னொரு கட்டையின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல இருந்தன. ஆயுளில் முதல் தரமாக ஒரே மாதிரி இரண்டு சாமான் செய்துவிட்ட பெருமையில், வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

பால்மரக் கத்திக்கு நுனியில் மூக்கு மாதிரி ஒரு வளைவு உண்டு. பட்டையைச் சீவுவது அந்த மூக்குத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். துரை, எழுத்து வேலை பார்க்கும் ஜெயபாலன் கிராணி, கங்காணி எல்லோரும் சுற்றி நிற்க, அங்கம்மா முதல் அடியை இறக்கினாள். கட்டியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒரு கத்தி கிடந்தது. அதற்கு மூக்கு இரண்டு. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி மறுபக்கம். தேள் கொடுக்கைத் தூக்கியது போல இருந்தது.

வீரமுத்து அதைக் குறட்டால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இயந்திரத்துக்கு மாறுகண் என்றார்.

இரண்டில் ஒன்றை மாற்றி வெட்ட வேண்டும் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. எதை மாற்றுவது என்பதில்தான் சறுக்கினார். மேல் கட்டை அவர் மிகவும் ரசித்து வெட்டியது, தவிர அதைக் கட்டியிலிருந்து கழற்றுவது பெரிய பாடு. எனவே கீழ்க் கட்டையை எடுத்து மேலே இருப்பதற்குப் பொருந்தும்படி புதிதாக வெட்டினார். இப்போது இரண்டும் அழகாகப் பொருந்தின. கத்தி ஒரே மூக்கோடு வந்தது. ஆனால் அந்த மூக்கு போக வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

அதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எல்லாமே ஒன்று போல மாறியிருந்ததால் எல்லாம் சரியாகவே தெரிந்தன. துரை அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. தோட்டம் முழுவதற்கும் போதுமான கத்தி வரும் வரை அடிக்கச் சொன்னார்.

அங்கம்மாவாவது கவனித்திருக்க வேண்டும். அவளோ முதல் கத்தியைக் கையில் எடுத்ததுமே சொக்கிப்போனாள். பிடித்துப் பார்த்தாள், காற்றில் சீவிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

"இத்தன வருஷத்துல நீங்க செஞ்சதுலயே இதுதாங்க கத்தி," என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுவே முதல். வீரமுத்து அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. சோறு குழைந்திருந்தபோதுகூட நன்றாயிருக்கிறது என்றார்.

ஒரு திங்கட்கிழமை விடியலில் தினம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் புதுக் கத்தியைக் கொடுத்தார்கள். வெளிச்சம் வந்து நிரை நிரையாக மரத்தடிக்குப் போனவர்கள், வழக்கத்துக்கு முன்னாலேயே ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கத்தி பட்டையில் வழுக்குகிறது என்றாள் ஒருத்தி. தன்னை விட்டு ஓடுகிறது என்றாள் இன்னொருத்தி. கத்திக்குப் பேய் பிடித்திருக்கிறது, புதுக் கொட்டகைக்குக் கோழி அறுக்காததால் வந்த வினை என்றார் வேலுக் கங்காணி. வெள்ளையம்மா மட்டும் தன் கத்தி முன்பைவிடக் கூர்மையாக இருப்பதாகச் சந்தோஷப்பட்டாள். அவள் வெட்டிய மரத்தைப் பார்த்த துரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பட்டறையிலிருந்து அங்கம்மா கோபமாக வந்தாள். தன் புருஷன் முதல் தரமாகச் செய்த உருப்படியான சாமானை இந்த ஜனங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று அவளுக்கு எரிச்சல். ஒருத்தி கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிப் பக்கத்து மரத்தில் வைத்து இழுத்தாள். பட்டை நூல் பிடித்தது போலச் சீவிக்கொண்டு வந்தது, பால் துளிர்த்து ஓடியது.

"இப்புடித்தான் வெட்டணும். இதுல என்னா பேயி?"

கூட்டம் மரத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தது. கிருஷ்ணம்மா என்ற பக்கத்து லயத்துக்காரி மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, நீங்க பீச்சாங்கையில புடிச்சிருக்கீங்க."

அங்கம்மா குனிந்து பார்த்தாள். கத்தி இடது கையில்தான் இருந்தது. சின்ன வயசில் அம்மா அடித்து அடித்துச் சோறு மட்டும் வலது கையால் சாப்பிடப் பழக்கியிருந்தாள். மற்றதெல்லாம் அவளுக்கு இடது கைதான். சம்மட்டிக்கும் கயிற்றுக்கும் இரண்டு கையும் வேண்டும் என்பதால் அது இத்தனை நாளாக யாருக்கும் தெரியவில்லை, வீரமுத்துவுக்கும் தெரியவில்லை. அவர் மனைவியின் கையை முதல் தரம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். பிறகு கொட்டகையின் பக்கம் பார்த்தார். மேல் கட்டை, கீழ்க் கட்டை, கும்பிட்ட கை எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின.

துரை, கிராணியிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஜெயபாலன் கிராணி ஆசாரியைக் கேட்டான். வீரமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடது கைக்காரங்களும் மனுசங்கதானேய்யா. அவுங்களுக்குன்னு இதுவரைக்கும் யாராச்சும் ஒரு கத்தி செஞ்சிருக்காங்களா? மொதல்ல அவுங்களுக்குச் செஞ்சேன். மத்தவங்களுக்கு அடுத்த தடவ."

இவ்வளவும் இடது கைக்காரர்களுக்கா என்று துரை கேட்டார். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது என்று வீரமுத்து ஒத்துக்கொண்டார்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாலும், அதில் ஒரு விளைவு உண்டாயிற்று. இரண்டொரு நாளில் ஆட்கள் தயங்கித் தயங்கிப் பட்டறைக்கு வந்தார்கள். தனக்கும் இடது கைதான், கங்காணிக்குப் பயந்து வலது கையால் வெட்டி, பட்டை கெட்டதென்று ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லோருக்கும் ஒவ்வொரு கத்தி கிடைத்தது. கடைசியாக, கடையெல்லாம் சாத்துகிற நேரத்தில் வேலுக் கங்காணி வந்து, உளு திராமில் இருக்கும் தன் தம்பிக்கு ஒன்று வேண்டும் என்றார்.

அங்கம்மா கத்தியை நீட்டினாள். கங்காணி அதை வாங்கிய கை எது என்று அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஒங்க தம்பிக்கு நல்லா அமையும் கங்காணி," என்றாள் அவள். அதற்குப் பிறகு பீச்சாங்கை என்று கங்காணி யாரையும் ஏசியதில்லை.

மிச்சமிருந்த கத்திகளை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அச்சில் வந்த இரும்பை மறுபடி அச்சிலேயே போட்டு மாற்ற முடியாது, அதற்குத் தெரிந்தது ஒரே உருவம்தான். ஒவ்வொன்றாக உலையில் பழுக்க வைத்து, அடைகல்லில் போட்டு, மூக்கை மறுபக்கம் திருப்புவது ஒன்றுதான் வழி. எனவே சின்னச் சுத்தியல் வெளியே வந்தது. டிங் என்றார் அவர். டம் என்றாள் அவள். ஆட்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். எதிரே ஆள் நின்றால் வீரமுத்துவுக்கு விட மனசு வராது. உயரமானவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினார், முணுமுணுக்கிறவளுக்குக் கொஞ்சம் குறைத்தார், வெள்ளையம்மாவின் கத்தியைத் தேய்த்து மழுக்கினார். கடைசியில் துரை அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு மரங்களைப் போய்ப் பார்த்தார். மரங்கள் நன்றாயிருந்தன. அளவுகோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீரமுத்து இந்தத் தரம் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தபடியே இரண்டு கட்டையையும் புதிதாக வெட்டினார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அவர் பக்திமானாகிவிட்டார் என்று நினைத்தார்கள். கத்திகள் சரியாக வந்தன. ஆனாலும் அச்சுக் கத்தி நிலைக்காது, கழுத்தில் முறியும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அங்கம்மா தேத்தண்ணி கொண்டு போனபோது, பட்டறைக்குப் பின்னால் அவர் ஓர் அச்சுக் கத்தியைப் பிடிப்பானில் மாட்டி வளைத்துக்கொண்டிருந்தார். அது வளைந்தது, முறியவில்லை. நிமிர்த்தி மறுபடி வளைத்தார். வேர்த்து ஊற்றியது. அது முறிகிற வழியாக இல்லை. காலடியில் அவர் கையால் அடித்த பழைய கத்தி ஒன்று கழுத்தில் விரிசலோடு கிடந்தது. அவர் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, அங்கிருந்த சுத்தியலை எடுத்து அடைகல்லை இரண்டு தரம் தட்டினாள். போதும் என்று அர்த்தம். அவர் பிடிப்பானைத் தளர்த்தினார்.

"பள்ளத்துக்குள்ள நெருக்கி நெருக்கி அடிக்கிறதால இரும்பு நல்லா இறுகிக்குது போல," என்றார் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே. இயந்திரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவள் சொல்லவில்லை. தன் கையால் அடித்ததைவிட இன்னொன்று உசத்தி என்று ஒத்துக்கொள்வது ஓர் ஆளை எவ்வளவு வாட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அன்று வைத்தாள்.

அடுத்த வருஷம் மழை நாளில், ஷீட் அழுத்தும் உருளை இயந்திரத்தின் தண்டு முறிந்தது. பால் வந்து குவிந்துகொண்டிருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து புதுத் தண்டு வர எத்தனை நாளாகுமோ தெரியாது. துரை அச்சுச் சம்மட்டியைப் பார்த்தார். ஒரே ஒரு தண்டுக்கு அச்சு வெட்டி முடிப்பதற்குள் பால் எல்லாம் நாறிவிடும். அடைகல்லில் அடிக்கலாம் என்றால் அவ்வளவு தடியான இரும்பு அங்கம்மாவின் சம்மட்டிக்கு அசையாது. நாலு அடியில் அது ஆறிப்போயிற்று. வீரமுத்து அதை மறுபடி உலையில் செருகினார்.

அங்கம்மா கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அச்சக் கழட்டிட்டு வெறும் கட்டைய மாட்டுனா என்னாங்க?" என்றாள். "மேலயும் தட்டை, கீழயும் தட்டை. நம்ம அடைகல்லு மாதிரிதானே. நீங்க காட்டுங்க, நான் கயித்த விடுறேன்."

வீரமுத்து கட்டையைக் கழற்ற ஆளைக் கூப்பிட்டார்.

அந்த மாதிரி ஒரு வேலையைத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. இரண்டு ஆள் தாங்கிப் பிடிக்க, பழுத்த தண்டு இரண்டு தட்டைக் கட்டைகளுக்கு நடுவே வந்தது. நாலு பக்கமும் திறந்த வெளி. வீரமுத்து சின்னச் சுத்தியலால் தொட்டுக் காட்டிக் கையை இழுத்துக்கொள்வார். அங்கம்மா கயிற்றை விடுவாள். திருப்புவார், காட்டுவார். பெரிய அடி வேண்டுமா சின்ன அடி வேண்டுமா என்பது அவர் தட்டுகிற தட்டிலேயே அவளுக்குத் தெரிந்தது. இயந்திரத்தின் பலமும் அவர் கண்ணும் அவள் கையும் ஒன்றாகப் போனதில், முரட்டு இரும்பு மெழுகு மாதிரி நீண்டுகொண்டே வந்தது. இருட்டுவதற்குள் தண்டு உருவாகிவிட்டது. அரம் போட்டு மாட்டினார்கள். உருளை ஓடியது.

வெறும் கட்டை மாட்டலாம் என்ற யோசனை தனக்குத்தான் வந்தது என்று வீரமுத்து அப்புறம் பல இடத்தில் சொன்னார். ரெங்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கம்மா பக்கத்தில்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, இவருதான்," என்றாள் கடைக்காரரிடம். "நான் சொன்னவொடனே இவருக்கு வந்துச்சு."

அதற்குப் பிறகு வேலை பங்கு பிரிந்தது. கத்தி, ஆணி, கொக்கி என்று கூட்டமாக வேண்டியதெல்லாம் அச்சில். வண்டி அச்சாணி, கோயில் சூலம், உடைந்துபோன எதுவானாலும் வெறும் கட்டையில் அல்லது அடைகல்லில். ஒரு நாள் முழுக்க அவள் தனியாக அடிப்பாள், மறுநாள் அவர் காட்டுவார். தனியாக அடிக்கும் நாள் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் தொடர்ந்து தனியாக அடித்தால் என்னவோ போலவும் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் தோட்டம் ஆட்டம் கண்டது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். துரையும் அளவுகோலோடு சீமைக்குப் போய்விட்டார். அச்சுச் சம்மட்டியை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, குளுவாங் ஊரிலிருந்து, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி பார்க்க வந்தார். அன்னாசி வெட்டும் கத்தி செய்கிற பட்டறை வைத்திருந்தவர். தானே கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். கட்டி பாதியில் நின்றது, பிறகு கேட்காமல் விழுந்தது. அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் முயற்சி செய்தார்கள். பிறகு அங்கம்மா கயிற்றை வாங்கி, நாலே அடியில் ஒரு கத்தியை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

தவுக்கே இயந்திரத்தைச் சுட்டிக் காட்டினார், அவளையும் சுட்டிக் காட்டினார். இரண்டும் சேர்ந்தால் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று மலாயில் சொன்னார்.

வீரமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பெண்சாதி என்ன இயந்திரத்தோடு வருகிற சாமானா என்று தோட்ட மலாயில் சண்டைக்குப் போனார். தவுக்கே பயந்து பின்வாங்கினார். அங்கம்மா நடுவில் வந்தாள்.

"நீங்களும் வாரீங்கன்னு சொல்லுங்க. ஒடிஞ்சதெல்லாம் ஒட்டித் தர ஆளு அவருக்கும் வேணும்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க இருந்தா கப்பல்ல ஏத்திருவாங்க. எனக்குக் கடல் ஒத்துக்காது," என்றாள்.

வீரமுத்துவுக்கும் ஒத்துக்கொள்ளாது. வந்த கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை இருவரும் தலை தூக்கவில்லை. அதை நினைத்ததும் ரோஷம் இறங்கிவிட்டது. தான்தான் வேலைக்கு அமர்ந்ததாகவும், மனைவியும் கூட வருவதாகவும் அவர் லயத்தில் சொல்லிக்கொண்டார். தோட்டத்து ஜனம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது. இயந்திரத்தை ஏற்றிய லோரியிலேயே சட்டி பானையோடு ஏறிக் குளுவாங்குக்குப் போனார்கள்.

அங்கே தவுக்கேயின் கடைக்குப் பின்னால் ஓர் அறை. அன்னாசி சீசனில் அங்கம்மாவுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கயிறுதான். வீரமுத்துவுக்கோ லோரிக்காரர்களின் உடைசல் எப்போதோ ஒன்றுதான் வரும். அவள் வேலை முடிந்து வந்து சமைக்க நேரமாகிறது, பசி பொறுக்க முடியவில்லை என்று ஒரு நாள் அவர் குறைப்பட்டுக்கொண்டார். அப்படியானால் நீங்கள் சமையுங்கள், கையில் நெருப்பு இருக்கிறது, நேரமும் இருக்கிறது என்றாள் அவள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, உலையின் ஓரத்தில் இரும்புத் தட்டு ஒன்றைப் போட்டு மீன் பொரிக்க ஆரம்பித்தார். சோறு கரிந்தது, ரசம் உப்பாயிற்று. ஆனால் மீன் ஒவ்வொன்றையும் எப்போது திருப்ப வேண்டும் என்பதில் அவர் கண் தவறவில்லை. எந்த மீன் அங்கம்மாவுக்கு, எந்த மீன் தவுக்கேயின் பிள்ளைகளுக்கு என்று ஆளைப் பார்த்து மொறுமொறுப்பைக் கூட்டிக் குறைத்தார். மத்தியானமானால் தவுக்கேயின் மனைவியே தட்டோடு வந்து நிற்பாள். சோற்றை மட்டும் தானே வடித்துக்கொள்வதாகவும், மீன் இனி அவர் பொறுப்பு என்றும் அங்கம்மா ஒத்துக்கொண்டாள்.